சத்து மாத்திரை மட்டும்தான்

மார்ச் 2

அக்கா,

நலம் விசாரித்து நாலு வரி எழுதாமல் நேராக விஷயத்துக்கு வந்தால் உனக்குப் பிடிக்காது. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், போதுமா? பாட்டிலில் இன்னும் பன்னிரண்டு மாத்திரைதான் இருக்கிறது. ஆறு நாளைக்கு வரும். இந்த மாதப் பார்சல் ஏன் இன்னும் வரவில்லை? போன தடவை போனில் நான் வெடுக்கென்று பேசியதற்கு இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாயா? ஒற்றை அறை வீட்டில், நாலு அடி தள்ளி நாத்தனார் உட்கார்ந்திருக்கும்போது, "ஒழுங்கா போட்டுக்கறியா?" என்று நீ கேட்டால் நான் வேறு எப்படிப் பேசுவேன்? பகலில் போன் வீட்டில், குட்டியைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனாரிடம் இருக்கிறது. ஃபேக்டரிக்குள் கொண்டுபோகவும் விடமாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், எதுவானாலும் எழுது, என் பெயருக்கு ஃபேக்டரி முகவரியில் அனுப்பு.

பாட்டிலைப் பற்றி ஒரு வேடிக்கை. நாத்தனார் அதைக் கையில் எடுத்து லேபிளைப் படித்துவிட்டு, "அண்ணி, இதச் சாப்பிட்டா முடி வளருமா?" என்று கேட்டாள். வெடுக்கென்று வாங்கி வைத்தேன். வலிப்பு மாத்திரையைப் பட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, சத்து மாத்திரை பாட்டிலில் போட்டு, மூடியை மறுபடி ஒட்டி அனுப்பும் மூளை மருந்துக்கடை மகாராணியாகிய உனக்குத்தான் வரும். நாலு வருஷமாக இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. உனக்கு ஒரு பட்டமே கொடுக்கலாம்.

வேலை நன்றாகப் போகிறது. இப்போது என்னைச் சட்டைக் காலர் தைக்கும் வரிசையில் போட்டிருக்கிறார்கள். ஆறு மாதம் முடிந்து ஏப்ரல் ஏழாம் தேதி நிரந்தரம் ஆக்குவார்கள். அதுவரை மாசமாகக் கூடாது, மாசமானால் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். என் பக்கத்து மெஷின்காரியை அப்படித்தான் அனுப்பினார்கள், அவள் கத்தரிக்கோலைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அதனால்தான் ஒன்று செய்தேன், திட்டாதே. முந்தாநாள் ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது. அவர் பயந்துபோய், "மறுநாள் போட்டா கரு தங்காதாம், ஒரு மாத்திரை இருக்காமே, வாங்கிப் போட்டுக்கோ" என்றார். நேற்று வேலைக்குப் போகும் வழியில் நானே கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் நல்ல மனுஷன். குரலைத் தாழ்த்தி, "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?" என்றார். "சத்து மாத்திரை மட்டும்தாங்க" என்றேன். நீ சொல்லிக்கொடுத்த பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வாங்கி அங்கேயே போட்டுக்கொண்டேன். லேசாகக் குமட்டியது, வாந்தி வரவில்லை. ஒரே மாத்திரையில் வேலை முடிந்தது.

பார்சலைச் சீக்கிரம் அனுப்பு.

உன் வாயாடி

•

மார்ச் 8

வாயாடிக்கு,

உன் கடிதம் இன்று பதினொரு மணிக்குக் கடைக்கு வந்தது. கவுண்டரில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். முதலாளி, "வீட்ல ஏதாவது கெட்ட சேதியா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

உனக்கு யாரடி சொன்னது ஒரே மாத்திரையில் வேலை முடிந்தது என்று?

நீ தினம் சாப்பிடும் வலிப்பு மாத்திரை இருக்கிறதே, அது அந்த மாத்திரையைச் சரியாக வேலை செய்ய விடாது. எல்லா வலிப்பு மாத்திரையும் அப்படியில்லை, உன்னுடையது அந்த வகை. அது ஈரலை முடுக்கிவிட்டு, உள்ளே வரும் மருந்தைச் சீக்கிரமே கரைத்து வெளியே தள்ளிவிடும். நீ போட்டது அரைகுறையாகத்தான் உடம்பில் நின்றிருக்கும். உன்னைப் போன்றவர்களுக்கு நல்ல வழி, ஐந்து நாளுக்குள் டாக்டரிடம் போய் காப்பர் டி வைத்துக்கொள்வது. இரண்டு மடங்கு மாத்திரை கொடுக்கும் டாக்டர்களும் உண்டு, ஆனால் அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். உறை கிழிந்தது பிப்ரவரி இருபத்தெட்டு. ஐந்து நாள் மார்ச் ஐந்தாம் தேதியோடு போய்விட்டது. உன் கடிதம் வந்து சேர்ந்திருப்பது எட்டாம் தேதி. நான் விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டேன்.

என் கவுண்டருக்கு வாரத்துக்கு நாலு பேராவது அந்த மாத்திரை கேட்டு வருகிறார்கள். பாதிப் பேர் கண்ணைப் பார்க்கவே மாட்டார்கள். நான் ஒருத்தரையும் கேட்காமல் விடுவதில்லை. போன மாதம் ஒரு பெண், காசநோய்க்கு மருந்து எடுப்பதாக மெல்லச் சொன்னாள். அவளைக் கையோடு டாக்டரிடம் அனுப்பினேன், காசநோய் மருந்தும் உன்னுடையது மாதிரித்தான் கெடுக்கும். எச்.ஐ.விக்குச் சாப்பிடும் சில மருந்துகளும் அப்படியே. கண் மஞ்சளாக இருந்த ஒருத்திக்குக் கொடுக்க மாட்டேன் என்றேன், ஈரல் கெட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அவள் புருஷன் என்னை அடிக்காத குறை. முன்பு குழாயில் கரு தங்கி ஆபரேஷன் ஆனவள் ஒருத்தி வந்தாள். அவளுக்குக் கொடுத்தேன், ஆனால் நாள் தள்ளிப்போய் அடிவயிற்றில் ஒரு பக்கம் வலித்தால் ஒரு நிமிஷமும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று மூன்று தடவை சொல்லித்தான் அனுப்பினேன். உடம்பு பருமனானவர்களுக்குச் சரியாகப் பிடிக்காமல் போகலாம். போட்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி போட வேண்டும். இதே காரியத்துக்கு இன்னொரு வகை மாத்திரை இருக்கிறது, அதைக் கடுமையான ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொடுப்பதில்லை, பால் கொடுக்கும் தாய் ஒரு வாரம் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டும். ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் எதைப் போட்டும் பிரயோஜனம் இல்லை. இத்தனையும் முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கிறேன், சொல்கிறேன். என் தங்கைக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு வாக்கியம்.

நடந்தது நடந்துவிட்டது. இருபத்தோரு நாள் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார். லேசாக உதிரம் பட்டால் அதை வைத்து நிம்மதி அடைந்துவிடாதே. வயிறு ஒரு பக்கம் வலித்தாலோ தலை சுற்றினாலோ டாக்டரிடம் போ, போய் உண்மையைச் சொல்.

பார்சலை எப்போதும் போல வீட்டு முகவரிக்கு ஐந்தாம் தேதியே அனுப்பிவிட்டேன், இதற்குள் கைக்கு வந்திருக்கும். பாட்டிலை நாத்தனார் கண்ணில் படாமல் வை.

அக்கா

•

மார்ச் 18

அக்காவுக்கு,

உன் கடிதம் பதிமூன்றாம் தேதி வந்தது. மூன்று நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். ஊரில் உள்ளவளுக்கெல்லாம் நின்று நிதானமாகச் சொல்கிறாய். எனக்கு இதை என்றைக்காவது சொன்னாயா? கல்யாணம் ஆகி நாலு வருஷம். குட்டியைச் சுமந்தபோது எட்டு மாதம் உன் வீட்டில்தான் இருந்தேன். டாக்டரிடம் கூட்டிப்போனாய், அவரிடம் நீயே பேசினாய், மாத்திரையை நீயே பிரித்துக் கொடுத்தாய். என் உடம்பைப் பற்றி நீயும் டாக்டரும் பேசிக்கொண்டீர்கள், நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வந்து "யாரடி சொன்னது" என்கிறாய்.

இன்னொன்று கேள். நீ பயந்தது நடந்துவிட்டது. பார்சல் வந்த அன்றே நாத்தனார் முடி வளரும் என்று இரண்டு மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் வேலை முடிந்து வந்தபோது அடித்துப்போட்ட மாதிரி கிடந்தாள். எழுந்து நடந்தால் சுவரைப் பிடிக்கிறாள். குட்டி பகல் முழுக்கத் தனியாக அழுதிருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அவர், "வெயில்ல அலைஞ்சிருப்ப" என்று மோர் கரைத்துக் கொடுத்தார். எனக்கு எல்லாம் தெரியும். நானும் "வெயில்தான்" என்றேன். குட்டியைத் தூக்கிக்கொண்டு குளியலறையில் போய் நின்றேன், வேறு எங்கே போவது?

சரி, பயப்படாதே. நானே சரிசெய்துவிட்டேன். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். என் மாத்திரைதான் அந்த மாத்திரையைக் கெடுக்கிறது, அவ்வளவுதானே? அதனால் கடிதம் வந்த அன்றிலிருந்து நம் மாத்திரையை நிறுத்திவிட்டேன். நாலு நாள் விட்டு, உடம்பு சுத்தமான பிறகு, நேற்று வேறு கடையில் அந்த மாத்திரையை மறுபடி வாங்கிப் போட்டேன். இந்தத் தடவை தடுக்க ஒன்றும் இல்லை. கடைக்காரி அதே கேள்வியைக் கேட்டாள். "ஒண்ணும் சாப்பிடலீங்க" என்றேன். முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன், எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா?

இன்று லேசாகப் பட்டிருக்கிறது. வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

வாயாடி

•

மார்ச் 23

அடி பைத்தியமே,

இந்தக் கடிதத்தைக் கூடுதல் கட்டணம் கட்டி விரைவாக அனுப்புகிறேன். படித்த உடனே, இருக்கிற இடத்திலேயே, மாத்திரையைப் போடு. வீட்டுக்குப் போய்ப் போடலாம் என்று வைக்காதே. பாட்டில் கையில் இல்லையென்றால் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போய்ப் போடு. நாளைக்கே ஒரு டாக்டரைப் பார்த்து, பத்து நாள் நிறுத்திவிட்டேன் என்று சொல்.

நாலு நாளில் உடம்பு சுத்தமாகாது. ஈரலில் அதன் வேகம் போக நாலு வாரம் ஆகும். ஆனால் வலிப்பு நாலு வாரம் காத்திருக்காது. நீ இரண்டாவதாகப் போட்டதும் வீண், உறை கிழிந்து இரண்டரை வாரம் கழித்துப் போட்டு என்ன ஆகப் போகிறது?

குற்றம் என்னுடையது. ஒரு பக்கம் நிறைய எழுதினேன், ஊராரின் கதையெல்லாம் எழுதினேன். உன் மாத்திரையை நிறுத்தாதே என்று ஒரு வரி எழுதவில்லை. அதை ஒருத்திக்கு எழுதிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடையில் நிற்கிறவர்களுக்கு வரும் திமிர் இது.

நேற்று உன் கடிதத்தைப் பார்த்ததும் போன் செய்தேன். நாத்தனார்தான் எடுத்தாள். அவள் கேட்டுக்கொண்டே இருக்கும்போது நான் என்ன சொல்வேன்? குட்டி சாப்பிட்டதா, தூங்கியதா என்று கேட்டுவிட்டு வைத்தேன். பிறகு மாப்பிள்ளை எண்ணை மூன்று தடவை போட்டு, மணி அடிக்கும் முன்பே துண்டித்தேன்.

இதோடு போதும். அவரிடம் சொல்லிவிடு. முதல் இரண்டு இடமும் விஷயம் தெரிந்து தட்டிப்போனபோது, மூன்றாவது இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தவள் நான்தான். அம்மா இறந்த வருஷம் அது. உன்னை ஒரு நல்ல கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் போதும் என்று இருந்தேன், உனக்கு வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அக்காதான் மறைத்தாள் என்று சொல், பழியை என் தலையில் போடு. நீ சொல்லாவிட்டால் நான் கிளம்பி வந்து சொல்லிவிடுவேன்.

அக்கா

•

மார்ச் 26

அக்கா,

உன் கடிதத்தை ஃபேக்டரி வாசல் காவலாளி மதியம் கொடுத்தார். சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துப் படித்தேன். பக்கத்தில் இருந்தவள், "யாருக்காவது முடியலையா?" என்றாள், என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

இன்று காலை ஃபேக்டரிக் கழிப்பறையில் பரிசோதனை செய்து பார்த்தேன். இரண்டு கோடு. கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வெளியில் ஒருத்தி கதவை உதைத்தாள். பரிசோதனை அட்டையை உடைத்து இரண்டு காகிதத்தில் சுற்றிப் போட்டுவிட்டு வந்து பதினெட்டுக் காலர் தைத்தேன்.

நீ வந்து சொல்லாதே. வந்தால் எனக்கு அக்கா கிடையாது. கோபத்தில் எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன். அவர் ஒரு தடவைகூட என்னிடம் பொய் சொன்னதில்லை. லிஃப்ட் பழுது பார்க்கும்போது கயிறு நழுவி விழ இருந்ததைக்கூட அன்றே வந்து சொன்னவர். அப்படிப்பட்டவரிடம், நாலு வருஷமாக தினம் இரண்டு வேளை உங்கள் கண் முன்னால் பொய்யை விழுங்கினேன் என்று நான் எப்படிச் சொல்வேன்? சொல்கிறேன். ஏழாம் தேதி நிரந்தரம் ஆகட்டும். கையில் ஒரு வேலை இருந்தால், அவர் போ என்று சொன்னாலும் குட்டியோடு எங்காவது நிற்கலாம். பன்னிரண்டு நாள்தான். எல்லாவற்றையும் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன், வயிற்றில் இருப்பதையும் சேர்த்து.

மாத்திரையைப் போடச் சொல்லியிருக்கிறாய். போடுகிறேன். அதையும் ஏழாம் தேதியிலிருந்து. கோபப்படாமல் கேள். நிறுத்தியதிலிருந்து தலை தெளிவாக இருக்கிறது. பத்து வருஷமாக ஈரத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தது போல இருந்தது, இப்போதுதான் அது தெரிகிறது. கை வேகமாக ஓடுகிறது. நேற்று மேற்பார்வையாளர் என் மெஷின் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "நல்லா வர்றியே" என்றார். இந்தச் சமயத்தில் மறுபடி மந்தமானால் எல்லாம் போய்விடும். இரண்டு வாரத்தில் ஒன்றும் வரவில்லை, இனிமேலா வரப்போகிறது?

சண்டை போடாதே. ஏழாம் தேதிக்குப் பிறகு நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

வாயாடி

•

மே 4

அக்கா,

வலது கையில் இன்னும் கட்டு இருக்கிறது. இடது கையால் மூன்று நாளாக எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே.

உனக்குக் கடிதம் போட்ட இரண்டாம் நாள், வலிப்பு வந்த காலையைப் பற்றி எனக்கு நினைவு இருப்பது இவ்வளவுதான். தைத்த காலர்களை அயர்ன் மேஜைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்தவள் தும்மினாள். அதற்குப் பிறகு வெள்ளைக் கூரையும் அவர் முகமும்தான். நடுவில் நடந்ததை எல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். விழும்போது கையைச் சூடான இஸ்திரிப் பெட்டி மேல் வைத்துவிட்டேனாம், எடுக்க எனக்குத் தெரியவில்லையாம். நாக்கின் ஓரம் கடிபட்டு ஆறிவிட்டது, 'ழ' சொல்லும்போது இன்னும் குத்துகிறது. வயிற்றில் இருந்தது இரண்டாம் நாள் போய்விட்டது. வலிப்பால்தான் போனதா, தானாகவே போயிருக்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அப்படி ஒன்று இருந்ததே குட்டியின் அப்பாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். வேலையும் போய்விட்டது. காரணம் கேட்டு ஒரு கடிதம் அனுப்பியிருந்தார்கள், பதில் எழுதவில்லை.

நான் எழுத வந்தது இதையெல்லாம் இல்லை.

டாக்டர்கள் முதலில் அவரைத்தான் கேட்டிருக்கிறார்கள். முன்பு வந்திருக்கிறதா, என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று. அவர் எல்லாம் சொல்லியிருக்கிறார். அந்த மாத்திரையைப் போட்டதைக்கூட, அத்தனை பேர் முன்னால் கூச்சப்படாமல் சொல்லியிருக்கிறார். "வேற?" என்றதற்கு, "சத்து மாத்திரை மட்டும்தாங்க" என்றாராம். ஒரு நர்ஸ் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். இவருக்குக் கோபம் வந்து, "எம் பொண்டாட்டியப் பத்தி எனக்குத் தெரியாதாங்க?" என்று சத்தம் போட்டிருக்கிறார். வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாட்டிலை எடுத்து வந்து காட்டியிருக்கிறார். நர்ஸ் லேபிளைப் படித்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டாள். பிறகு மூளைக் காய்ச்சலாக இருக்குமோ என்று முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். அப்போது என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தானாம்.

நீ அவரிடம் பேசாதே, அவர் உன்னை மறுபடி "போங்க" என்றுதான் சொல்வார். எனக்கு வலிப்பு இருப்பதில் அவருக்கு ஒன்றுமில்லை. உண்மையிலேயே ஒன்றுமில்லை, அக்கா. அவர் வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்கு இருக்கிறதாம், அவருக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றுகூட இவருக்குத் தெரியுமாம். நாம் நாலு வருஷம் எதற்குப் பயந்தோம் என்று நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வீட்டுக்கு வந்த அன்று குட்டி தூங்கிய பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "நீ செத்துப் போயிருந்தா, எதனாலன்னு நான் யார்கிட்டப் போய்க் கேட்டிருப்பேன்?" உனக்குப் பதில் தெரிந்தால் எழுது.

இப்போது மாத்திரையை அவரே பட்டையோடு வாங்கி வருகிறார். நான் விழுங்கும் வரை எதிரில் நிற்கிறார். நீ இனி பார்சல் அனுப்ப வேண்டாம்.

உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் இந்த ஜன்மத்தில் தீராது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் போன் செய்த உடனே எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்தாய். எல்லோர் முன்னாலும் டாக்டரிடம் உண்மையைச் சொன்னாய். நீ சொன்ன பிறகுதான் சரியான மருந்து ஏற்றினார்களாம். நீ வந்து சொல்லியிருக்காவிட்டால் குட்டிக்கு அம்மா இல்லை. அதற்காக, அது ஒன்றுக்காக, உன்னை மன்னித்துவிட்டேன். இதை உனக்கு எழுதிவிட்டால் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

வாயாடி

•

மே 10

என் கண்ணுக்கு,

இடது கையால் மூன்று நாள் எழுதியிருக்கிறாய். நான் இந்தப் பதிலை வலது கையால் மூன்று நாளாக எழுதுகிறேன். கிழித்துப் போட்டது நாலு.

உன் மார்ச் இருபத்தாறு கடிதம் நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் கையில் கிடைத்தது. ஏழாம் தேதி சொல்லிவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அதை நம்புகிறேன், நீ சொல்லியிருப்பாய். சொல்ல முடியாதவள் நான்தான் என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தது அன்று காலை பத்தே கால் மணிக்கு. கவுண்டரில் ஒரு பெரியவர் இருமல் மருந்துக்கு நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை எடுத்த எடுப்பில், "அக்கா, இவளுக்கு இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி வந்திருக்கா? டாக்டர் பக்கத்துலயே நிக்கறாங்க, சட்டுனு சொல்லுங்க" என்றார்.

"இல்லையே மாப்பிள்ளை" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. அதற்குப் பிறகுதான், "என்ன ஆச்சு?" என்று கேட்டேன். 'இப்படி' என்றால் எப்படி என்று கேட்காமலேயே இல்லை என்று சொல்லியிருக்கிறேன் பார். நான் அங்கே வந்து டாக்டரிடம் சொன்ன பிறகு, வராந்தாவில் வைத்து அவர் கேட்டது அதைத்தான். "என்ன ஆச்சுன்னு கேக்காமலே எப்படிக்கா இல்லைன்னு சொன்னீங்க?" அவர் என்னைப் போகச் சொன்னது பாட்டிலுக்காக இல்லை. என் பேச்சைக் கேட்டு, அக்காவும் இல்லை என்கிறார்கள் என்று டாக்டரிடம் இரண்டாம் தடவையாகச் சொன்னாரே, அதற்காக. அதன் பிறகுதான் உன் முதுகில் ஊசி குத்தியிருக்கிறார்கள்.

போனை வைத்த பிறகு பெரியவருக்கு இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு என்றும் சொன்னேன். பிறகு முதலாளியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஐந்து மணி நேரம். போன் மடியிலேயே இருந்தது. மறுபடி கூப்பிட்டு, "நான் சொன்னது பொய், அவளுக்கு இருக்கு, இந்த மாத்திரைதான் சாப்பிடறா" என்று சொல்ல அரை நிமிஷம் போதும். நேரில் போய்ச் சொல்வதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முறையாம். நான் போய்ச் சேர்வதற்குள் நீ தானாகவே எழுந்து உட்கார்ந்துவிட்டால் சொல்லாமலேயே திரும்பிவிடலாம் என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டுதான் வந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, எழுதிவிட்டேன்.

உன் கட்டில் கால்மாட்டில் ஒரு அட்டை மாட்டியிருந்தது. அதில் ஒவ்வொரு தடவை வலிப்பு வந்த நேரத்தையும் நர்ஸ் குறித்திருந்தாள். பன்னிரண்டு நாற்பதுக்கு ஒன்று. இரண்டு இருபதுக்கு ஒன்று, அதுதான் பெரியது, ஆறு நிமிஷம் என்று எழுதியிருந்தது. மூன்றரைக்கு நான் வந்து சேர்ந்தேன். பன்னிரண்டு நாற்பதுக்கு பஸ் சாப்பாட்டுக்கு நின்றிருந்தது. நான் இறங்கிப் போய் முகம் கழுவிக்கொண்டு, வெயில் படாத பக்கம் இடம் மாறி உட்கார்ந்தேன்.

இதை மாப்பிள்ளை உன்னிடம் சொல்லவில்லை என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. உனக்கு இருக்கும் ஒரே அக்காவையும் எடுத்துவிட வேண்டாம் என்று நினைத்திருப்பார். பொய்யே சொல்லாதவர் எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அவரையும் நம்மைப் போல ஆக்கிவிடக் கூடாது.

நீ என்னை மன்னித்தது நான் ஓடி வந்து சொன்னதற்காக. நான் ஓடி வரவில்லை.

அக்கா